ஏழேகாலும் ஏழரையும்

ஏசா தர்லோ இப்போது எந்தப் பின்னத்தையும் எண்ணில் எழுதுவதில்லை. மளிகைக் கடைச் சீட்டில்கூட "வெண்ணெய் அரை பவுண்டு, காப்பி முக்கால் பவுண்டு" என்று எழுத்தில்தான் இருக்கும். கடைக்காரர் அதை வாசித்துவிட்டு, "என்ன ஏசா, பத்திரம் எழுதிக் குடுக்கிறியா?" என்பார். ஏசா சிரிக்கமாட்டார். சீட்டைத் திரும்ப வாங்கி இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் கொடுப்பார்.

அவர் வீட்டு மாடி அறையில் ஆறு வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். ஊர்ப் பத்திரிகையில் பிழை திருத்துவது என் வேலை. அறைக்கு ஒரே சன்னல். அது பின்பக்கத் தோட்டத்தைப் பார்த்திருக்கிறது. இதில் பாதிக்கு மேல் அந்தச் சன்னலிலிருந்து நான் பார்த்தது.

ஏசாவுக்குச் செருப்பு தைக்கும் இயந்திரங்கள் செய்யும் ஆலையில் வேலை. முப்பத்தொரு வருடம். பொருள் செய்வது அவர் வேலையில்லை. மற்றவர்கள் செய்தது சரியா என்று அளந்து பார்ப்பதுதான் வேலை. சரியென்றால் நீலப் பென்சிலால் ஒரு கோடு. கோடு இல்லாத எதுவும் அந்த ஆலையின் வாசலைத் தாண்டியதில்லை. அது ஊருக்குள் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. மீனின் எடையோ, பிடித்த விலாங்கின் நீளமோ, யாரோ ஒரு விதவையின் வயதோ, சந்தேகம் வந்தால், "ஏசா அளந்ததா?" என்று கேட்பார்கள்.

வீட்டுத் தோட்டத்தில் அவர் ஒரு ரயில்பாதை போட்டிருந்தார். ஆப்பிள் மரங்களைச் சுற்றி, கோழிக்கூண்டுக்கும் துணிக்கொடிக்கும் நடுவே புகுந்து வரும் அறுநூறு அடி வட்டம். அதில் அவரே கடைந்து, தட்டி, பற்றவைத்த நீராவி இஞ்சின் ஓடும். நிஜ இஞ்சினில் எட்டில் ஒரு பங்கு. உள்ளே நிஜ நெருப்பு, நிஜத் தண்ணீர், நிஜக் கரி. பின்னால் கோர்த்த சிறு வண்டியில் குதிரைமேல் உட்காருவதுபோல இருபக்கமும் கால் போட்டு உட்கார்ந்து ஓட்டவேண்டும். ஞாயிறு பிற்பகல்களில் பல் டாக்டர் லீலண்ட் ப்ரே வருவார். கருங்கல் குவாரியில் வேலை செய்யும் பின்லாந்துக்காரர் சூலோ நியெமி வருவார். வேறு யாராவது இரண்டு பேர் வருவார்கள். பொத்தானை இழுத்து மாட்டிய கோட்டுடன் அந்தப் பெரிய மனிதர்கள் முழங்கால் காதைத் தொடும்படி குந்தி, கோழிகளைத் தாண்டிச் சுற்றிச் சுற்றிப் போவார்கள். யாரும் அதை விளையாட்டு என்று சொல்லி நான் கேட்டதில்லை. வேலை என்றும் சொன்னதில்லை.

ஏசாவின் மனைவி வெர்னாவுக்கு ஒரு தம்பி. ஹார்லன் பீஸ்லி. ஒஹையோவில் ரயில் கம்பெனியில் இஞ்சினுக்குக் கரி போடுகிறவன். பீஸ்லி குடும்பத்தில் எது தொலைந்தாலும் "ஹார்லன் வேலை" என்பார்கள். அக்காவின் கல்யாணத்துக்கு மோதிரத்தைக் கொண்டுவருவது அவன் பொறுப்பாக இருந்தது. மோதிரம் ரயில் இருக்கையிலேயே இருந்துவிட்டது. அது ஒருவாரம் தனியாக ஊர் சுற்றிவிட்டு வந்துசேர்ந்தது. வெர்னா அதுவரை திரைச்சீலை வளையம் ஒன்றைப் போட்டிருந்தாராம்.

1931 இலையுதிர் காலத்தில் ஹார்லனுக்கு வேலை போனது. "கை சும்மா இருந்தா மனசு கெட்டுப்போகுது. நானும் ஒரு இஞ்சின் கட்டுறேன். உன் பாதையில ஓடுற மாதிரி அளவு எழுதி அனுப்பு" என்று மச்சானுக்கு எழுதினான். ஏசா எழுதி அனுப்பினார். ஹார்லன் நிலவறையில், இரவல் வாங்கிய லேத்தில், ஏழு குளிர்காலம் உழைத்தான். இடையிடையே கடிதம் வரும். "பாய்லர் முடிஞ்சது." "புகைபோக்கி வச்சாச்சு." வீட்டில் வாசித்துக் காட்டிய எந்தக் கடிதத்திலும் அளவைப் பற்றிப் பேச்சில்லை. "நம்ம பாதை", "நம்ம பாதைக்கு ஏத்த மாதிரி" என்றுதான் எழுதிக்கொண்டார்கள்.

1938 ஜூலையில் ஒரு சனிக்கிழமை, இரவல் லாரியில் இஞ்சினைக் கட்டிக்கொண்டு ஹார்லன் வந்து இறங்கினான். அன்று இரவு வழக்கமான சனிக்கிழமைச் சாப்பாடு, வேகவைத்த அவரைக்கொட்டையும் கறுப்பு ரொட்டியும். மூன்று தட்டு சாப்பிட்டான். மறுநாள் காலை எல்லோரும் கூடினார்கள். அறுநூறு பவுண்டு எடை. இரண்டு பலகையைச் சாய்த்து, கயிற்றைப் பிடித்து மெல்ல இறக்கினார்கள்.

இடப்பக்கச் சக்கரங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தன. வலப்பக்கச் சக்கரங்கள் உட்காரவில்லை. அவற்றின் விளிம்பு தண்டவாளத்தின் தலைமேல் ஏறி நின்றது. ஒரு தோளை உயர்த்தி, எனக்கென்ன தெரியும் என்பவனைப்போல இஞ்சின் நின்றது.

"கல்லு கில்லு மாட்டிக்கிச்சா பாரு" என்றார் சூலோ.

ஏசா மண்டியிட்டார். மேல்சட்டைப் பையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்துச் சக்கரங்களுக்கு இடையே வைத்துப் பார்த்தார். பிறகு தண்டவாளங்களுக்கு இடையே வைத்தார். மறுபடியும் சக்கரம். மறுபடியும் தண்டவாளம்.

"பாதை ஏழேகால் அங்குலம்" என்றார். "சக்கரம் ஏழரைக்கு இருக்கு."

சூலோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஒஹையோவுலேர்ந்து லாரி பிடிச்சு ஏழரையக் கூட்டிக்கிட்டு வந்திருக்கான்யா."

சிரிப்பு வெடித்தது. டாக்டர் ப்ரே மட்டும் யோசித்தபடி, "பக்கத்துல மூணாவதா ஒரு தண்டவாளம் போட்டுட்டா?" என்றார்.

"கால் அங்குலம், ரெண்டே நூல் இடம், டாக்டர். அதுல உங்க பல்லு நோண்டுற கம்பிதான் போகும்."

எல்லோரும் ஹார்லனைப் பார்த்தார்கள். அவன் கரிபடிந்த கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டான்.

"நாந்தான் தப்பாப் படிச்சிருப்பேன்" என்றான்.

"படிச்சிருப்பியா?" வெர்னா படியில் நின்றபடி கேட்டார். "ஏழு வருஷம். ஒரு தடவையாவது சரியான்னு கேக்கத் தோணலையாடா உனக்கு?"

ஹார்லன் ஏசாவைப் பார்த்தான். பிறகு புல்லைப் பார்த்தான்.

"தோணல அக்கா."

ஏசா ஸ்கேலைப் பையில் வைத்தார்.

அன்று நெருப்பு மூட்டவில்லை. திங்கட்கிழமை லாரியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று ஹார்லன் கிளம்பினான். இஞ்சினைக் கொட்டகையில் விட்டுவிட்டான். "நீயே வச்சுக்க மச்சான். சக்கரத்தைக் கழட்டி ரெண்டு பக்கமும் ஒவ்வொரு நூல் எடுத்துப் பாரு. உன் கைதான் தப்பாத கை" என்று அவன் சொன்னது சன்னலுக்குக் கேட்டது.

சக்கரத்தோடு முடிகிற காரியமில்லை அது. சக்கரம் உள்ளே வந்தால் அதை உந்தும் தண்டுகள் உள்ளே வரவேண்டும். தண்டு வந்தால் நீராவி உருளைகளும் வரவேண்டும். ஏழு வருடத்தில் நான்கு வருடத்தைப் பிரித்துப் போடவேண்டும்.

வியாழக்கிழமை மாலை, வெயில் இன்னும் இருந்தது, ஏசா மாடிப்படி ஏறி வந்தார். அதற்கு முன் அவர் என் அறைக்கு வந்ததேயில்லை. கையில் மெழுகுத்துணியில் சுற்றிய ஏதோ இருந்தது. ஹார்லன் இஞ்சினின் கருவிப் பெட்டியில், சாவிகளுக்கு அடியில் இருந்ததாகச் சொன்னார்.

"தம்பி, நீ பொடி எழுத்தெல்லாம் படிக்கிறவன். இது என்ன எண்ணு?"

அவருடைய கையெழுத்துதான். கடிதம் என்று சொல்லமுடியாது, இரண்டே வரி. முதல் வரியில் "விகிதம்: அடிக்கு 1½ அங்குலம்." அதற்கு நேர்கீழே "பாதை அகலம்: 7½ அங்குலம்."

பூதக்கண்ணாடியை எடுத்தேன். தேவையிருக்கவில்லை. ஆனாலும் எடுத்தேன், கொஞ்சம் நேரம் கிடைக்குமே என்று.

"ஏழரை."

"சரியாப் பாரு."

"ரெண்டு அரையும் ஒரே மாதிரி இருக்கு, மிஸ்டர் தர்லோ. சுழி, கோடு எல்லாம்." ஆறுதலாக இருக்கட்டும் என்று மேலும் சொன்னேன். "இது சகஜம். மேல்வரியில எழுதின எழுத்து கையிலயே ஒட்டிக்கிட்டுக் கீழ்வரிக்கும் வந்துடும். அச்சுல தினம் பத்து பாக்குறேன்."

"அதப் பாக்கத்தான் உன்ன வச்சிருக்காங்க" என்றார். "நான் எழுதுறத யாரும் பாக்குறதில்ல."

மெழுகுத்துணிக்குள் ஒரு தபாலட்டையும் இருந்தது. அதிலும் அவர் கையெழுத்து. "முதல் கடிதத்தைப் பார்." அவ்வளவுதான்.

"மூணாவது குளிர்காலத்துல எழுதினான். அளவுகோல் ஒண்ணு செஞ்சு அனுப்பு மச்சான், வச்சுப் பாத்துக்கிட்டே வேலை செய்வேன்னு. ஒரு பித்தளைக் கம்பி. அரைமணி நேர வேலை." அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குக் கோபம் வந்துச்சு. ஏசா தர்லோ குடுத்த அளவை இவன் சரிபாக்கணுமாம்."

அவன் கேட்டிருக்கிறான். கேட்கத் தோணலையா என்று அக்கா கேட்டபோது, தோணல என்று சொல்லியிருக்கிறான். அது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏசாவுக்கு ஞாயிற்றுக்கிழமையே புரிந்திருக்கவேண்டும்.

"வெர்னாகிட்ட சொல்லாத" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் கொட்டகையில் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து ஹார்லனின் இஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை மேசையில் "அன்புள்ள ஹார்லன்" என்று தொடங்கிய தாள்களை இரண்டுமுறை பார்த்தேன். அடுப்புச் சாம்பலில் ஒருமுறை பார்த்தேன். ஒரு ஞாயிறு சூலோ தர்பூசணி கொண்டுவந்து, இருபது பவுண்டு என்றார். டாக்டர் ப்ரே, "ஏசா அளந்ததா?" என்று கேட்டார். இருபது வருடமாகக் கேட்கும் கேள்விதான். ஏசா கத்தியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

செப்டம்பரில் புயல் வந்தது. அந்தப் புயலைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. எங்கள் தோட்டத்தில் நான்கு ஆப்பிள் மரங்கள் பாதைமேல் விழுந்தன. மரங்களை அறுத்து அகற்றிய மறுநாளே ஏசா கடப்பாரையை எடுத்தார். நான் மேலிருந்து கவனித்தது ஒன்று உண்டு. மரம் விழுந்து நெளிந்த இடத்தில் அவர் தொடங்கவில்லை. கோழிக்கூண்டுப் பக்கம், ஒரு கீறல்கூட விழாத இடத்தில் தொடங்கினார். வெளித் தண்டவாளத்தின் ஆணிகளைப் பிடுங்கி, அதை இரண்டு நூல் வெளியே தள்ளி, மறுபடி அடித்தார். தண்டவாளத்துக்கு அடியில் ஆயிரத்து எண்ணூறு குறுக்குக்கட்டை. கட்டைக்கு இரண்டு ஆணி.

டாக்டர் ப்ரேதான் முதலில் கண்டுபிடித்தார். "எப்படியும் பிரிச்சுப் போடணும்னு ஆயிடுச்சு, அதோட மச்சானுக்காக அகலப்படுத்துறார்" என்று நோயாளிகளிடம் சொன்னார். வாய் திறந்திருக்கும் நோயாளிகள் மறுத்துப் பேசமுடியாது. நவம்பருக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நன்றியறிதல் நாளுக்கு முந்தைய ஞாயிறு, பிறன் தவறைத் தன் தோளில் சுமப்பவன் பற்றிப் பாதிரியார் பிரசங்கம் செய்தார். பெயர் சொல்லவில்லை. ஆனால் எல்லாத் தலையும் தர்லோவின் பெஞ்சுப் பக்கம் திரும்பியது. ஏசா தன் பூட்ஸ் நாடாவை அவிழ்த்துக் கட்டினார். மறுபடி அவிழ்த்துக் கட்டினார்.

அவருடைய சொந்த இஞ்சின் ஏழேகால். ஒன்பது வருட உழைப்பு. அதைத் துடைத்து, எண்ணெய் பூசி, நிலவறைக்கு இறக்கினார்கள். நானும் ஒரு முனை பிடித்தேன்.

"உன்னோடது இனி எங்க ஓடும்?" என்று வெர்னா கேட்டார்.

"ஓடாது."

"அவனோடத மாத்தாம எதுக்கு இத்தன ஆணி?"

"பாதைய மாத்துறது சுலபம்."

வெர்னா விளக்கைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ நல்லவன்தான் ஏசா. ஆனா இவ்வளவு நல்லவன் இல்ல."

வெர்னா மறுபடி கேட்கவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் தட்டுகள் கொஞ்சம் சத்தமாகத்தான் வைக்கப்பட்டன.

பனி உருகியதும் மிச்ச வேலை நடந்தது. ஏப்ரலில் வட்டம் முடியும் இடத்துக்கு வந்தபோது, வெளித் தண்டவாளத்தின் இரு முனைகளுக்கும் நடுவே ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல் இடைவெளி இருந்தது. ஏசா அதை எதிர்பார்த்திருந்தார். ஒரு துண்டை எடுத்துவிட்டு அந்த அளவு நீளம் கூடிய புதுத் துண்டை வெட்டி வைத்தார். "எவ்வளவு பெரிய வட்டமா இருந்தாலும் சரி, ரெண்டு நூல் தள்ளினா கடைசியில இவ்வளவுதான் குறையும். ஊரையே சுத்தி வந்தாலும் இவ்வளவுதான்" என்று என்னிடம் சொன்னார். அதில் அவருக்கு ஏதோ நிம்மதி இருந்தமாதிரி தெரிந்தது.

மே மாதக் கடைசி ஞாயிறு ஹார்லன் ரயிலில் வந்தான். வழக்கமான ஆட்களோடு பாதிரியாரும் வந்திருந்தார். இந்தமுறை இஞ்சின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தது. ஹார்லன் நான்கு சக்கரத்தையும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"நான் பண்ணின தப்புக்கு என் மச்சான் மூவாயிரத்து அறுநூறு ஆணி..."

"இரு" என்றார் ஏசா.

மேல்சட்டைப் பையிலிருந்து மெழுகுத்துணியை எடுத்து டாக்டர் ப்ரேயிடம் நீட்டினார். "வாசிங்க டாக்டர். சத்தமா."

டாக்டர் கண்ணாடியை மாட்டினார். "விகிதம், அடிக்கு ஒன்றரை. பாதை, ஏழரை." நிறுத்தி மறுபடி பார்த்தார். "இது உன் கையெழுத்து."

"என்னுதுதான். அட்டையையும் வாசிங்க."

"முதல் கடிதத்தைப் பார்."

"அளவுகோல் அனுப்புன்னு கேட்டான். நான் அனுப்பின பதில் அது. போன ஜூலையிலேர்ந்து எனக்குத் தெரியும்."

பாதிரியார் தன் பிரசங்கத்தை நினைத்தாரோ என்னவோ, ஒரு மரத்தடியை உற்றுப் பார்த்தார். சூலோதான் வாயைத் திறந்தார், மெதுவாக.

"அப்ப அந்த ஏழரை... ஏசா அளந்ததா?"

"ஏசா அளந்ததுதான்."

சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றார்கள். பிறகு வெர்னா சிரித்துவிட்டார். அதன்பின் மற்றவர்களும் சிரித்தார்கள். வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியின் பக்கம் திரும்பி, கையிலிருந்த துணியால் அவன் முதுகில் ஒன்று வைத்தார். "நீ கேட்டிருக்க. கேக்கலன்னு என்கிட்ட பொய் சொல்லியிருக்க."

"விடு அக்கா." ஹார்லன் ஏசாவைப் பார்த்தான். "நான் அன்னைக்குச் சாயங்காலமே அந்தக் கடிதத்த எடுத்துப் பாத்துட்டேன் மச்சான்."

"பாத்துட்டா ஏன் சொல்லல?"

"எனக்குத் தப்பு பழகிப்போச்சு. இன்னொண்ணு சேர்ந்தா பாரமில்ல. உனக்குப் பழக்கமில்லையே. எப்படி விழுவியோன்னு பயமா இருந்துச்சு."

"அப்ப பெட்டியில வச்சுட்டுப் போனது எதுக்கு?"

"அது மறதி."

"ஹார்லன் வேலை" என்றார் வெர்னா. அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை. நான் இன்றுவரை தீர்மானிக்கவில்லை.

சூலோ கரியள்ளும் கரண்டியை எடுத்தார். நெருப்பு மூட்டவேண்டியதுதான் பாக்கி. ஏசா கையை உயர்த்தி நிறுத்தினார். கொட்டகைக்குள் போய் ஒரு பித்தளைக் கம்பியோடு வந்து அதை ஹார்லனிடம் கொடுத்தார். இரு முனையும் கண்ணாடிபோல் தேய்த்திருந்தது. நடுவில் எழுத்தெழுத்தாக அச்சடித்திருந்தது: ஏழரை அங்குலம். எண் இல்லை.

"சுத்திப் பாரு."

"நீ போட்ட பாதை மச்சான். நான் என்னத்தப் பாக்குறது?"

"அதனாலதான் பாக்கச் சொல்றேன்."

ஹார்லன் குனிந்தான். கம்பியைத் தண்டவாளங்களுக்கு நடுவே வைத்து, ஒரு கட்டை தள்ளி, மறுபடி வைத்து, அறுநூறு அடியையும் முதுகு நிமிராமல் நடந்தான். முக்கால் மணி நேரம் ஆனது. எலுமிச்சைச் சாறு தீர்ந்தது. ஒருவரும் கிளம்பவில்லை. ஏசா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஆலையில் அவர் முன்னால் இளைஞர்கள் நிற்பார்களாமே, அப்படி நின்றார்.

கோழிக்கூண்டுப் பக்கம் ஹார்லன் நின்றான். கம்பி உள்ளே இறங்கவில்லை. அழுத்திப் பார்த்தான். திரும்பிப் பார்த்தான், சொல்வதா வேண்டாமா என்பதுபோல.

"என்ன?" என்றார் ஏசா.

"இங்க ஒரு மயிரிழை குறையுது."

ஏசா அங்கே போய் மண்டியிட்டுப் பார்த்தார். தன் ஸ்கேலை எடுக்கவில்லை. ஹார்லன் பிடித்திருந்த கம்பியைத்தான் பார்த்தார்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு, எழுந்து சுத்தியலை எடுத்துவரப் போனார்.